மூன்று நிமிடத் தாமதம்

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் நேற்று வேலியோரம் நின்று பழைய கதை சொன்னார். 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மானிய விமானங்கள் நகரத்தைப் பொசுக்கியபோது அவருக்கு இரண்டு வயது. குண்டு விழுந்த மனைகள்தான் பிறகு விளையாட்டுத் திடல். இடிபாடுகளில் ஊதாப் பூச்செடிகள் ஆளுயரம் மண்டிக் கிடக்குமாம். மிட்டாய்க்கும் ரேஷன். 1953 பிப்ரவரியில்தான் அது நீங்கியது. கைக்காசு முழுவதையும் அன்றே மிட்டாயில் தொலைத்துவிட்டு வயிற்றுவலியோடு படுத்ததை இன்னும் பெருமையாகச் சொல்கிறார்!

அதே ஆண்டு, 15 வயதில், கார் தொழிற்சாலை வேலை. சங்கு ஊதி மூன்று நிமிடம் தாமதமானால் கால் மணி நேரக் கூலி போய்விடும். (அநியாயம் என்றேன். தோளைக் குலுக்கினார்.) கடைசல் இயந்திரத்திலிருந்து தெறித்த இரும்புச் சுருள் இடது கட்டைவிரலில் விட்ட தழும்பைக் காட்டினார், அரிசி நீளத்தில் ஒரு வெள்ளைக் கோடு.

1962இல் புதிய பேராலயம் திறந்தபோது, இடிந்த பழையதை அப்படியே பக்கத்தில் விட்டுவைத்தார்கள். எனக்கு அது மிகவும் பிடிக்கும். அவருக்கு அறவே பிடிக்காது. “கூரை இல்லாவிட்டால் மழைக்கு எங்கே ஒதுங்குவது?” என்று கேட்டுவிட்டு, தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.