முதல் வாரமே ஒரு பார்வை

“முடிவு இன்னான்னு உனக்குத் தெரியும் இல்ல தம்பி?”

நான் எழுதிய டி.வி. தொடரின் மூன்றாவது எபிசோடு எடுத்த ராத்திரி. தொரப்பாடி மொட்டை மாடியில் லைட் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் காவலாளி வேஷத்தின் காக்கிச் சட்டைக்குப் பட்டன் போட்டபடியே கேட்டார். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “தெரியும் வாத்தியாரே. இப்பவே சொன்னா சுவாரஸ்யம் போயிடும்” என்றேன்.

தெரியாது. அடுத்த எபிசோடில் யாரோ கதவைத் தட்டுவார்கள், அதுவரைதான் என் கையில் இருந்தது. தட்டுவது யார் என்றுகூட முடிவாகவில்லை.

அதைப் பொய் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் முழு மனசு இல்லை. விளம்பரம் வந்துகொண்டிருக்கும் வரை ஓட்டுங்கள் என்று சேனலில் சொல்லியிருந்தார்கள். பத்து வாரமா, நூறு வாரமா தெரியாத கதைக்கு எவன் முடிவு எழுதி வைப்பான்? காவலூர் வானாய்வகத்தில் 1988-ல் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயரை வைத்தார்கள் இல்லையா, அங்கிருந்துதான் பிடித்தேன். ஜவ்வாது மலை, 2.34 மீட்டர் தொலைநோக்கி, ஒரு ராத்திரி அதில் படக்கூடாத ஒன்று படுகிறது. வாசலில் ஒரு காவலாளி. ஆரம்பம் அவ்வளவு நன்றாக இருந்ததால் முடிவு தானாக வரும் என்று நம்பிவிட்டேன். நம்பிக்கைக்கும் பொய்க்கும் நடுவில் ஏதோ ஒன்று அது.

வாத்தியார் அதோடு விடவில்லை. அவர் கூத்துக்காரர். துரியோதனன் வேஷம் கட்டியே தலை நரைத்தவர். “படுகளத்துல துரியோதனன் சாவான்னு பால்குடிக்கிற புள்ளைக்கும் தெரியும் தம்பி. தெரிஞ்சேதான் விடிய விடிய உக்காந்து கீறாங்க” என்றார். அப்புறம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, பாஞ்சாலியைப் பார்த்துத் துரியோதனன் செய்வதுபோல இடது தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். லைட் பையன் திரும்பிப் பார்த்தான். “பீமன் உடைக்கிறது இந்தத் தொடையைத்தான. அதனாலதான் இந்த அடி இவ்ளோ சத்தமா கீது. தெரியாதவன் தட்டுனா கொசு அடிச்ச மாதிரி இருக்கும்.”

நான் சிரித்தேன். ஷாட் ரெடி என்றார்கள், போய்விட்டோம்.

பதினான்காவது வாரம் ஸ்பான்சர் கழன்றுகொண்டார். இன்னும் இரண்டே எபிசோடு, முடித்துக் கொடு என்றார்கள். இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். அதுவரை போட்ட முடிச்சுகளை எல்லாம் ஒரே ஆள்மேல் ஏற்றினால்தான் கணக்கு நேராகும் என்று தெரிந்தது. காவலாளிமேல் ஏற்றினேன். அவனே வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவன், தொலைநோக்கியில் பட்ட சமிக்ஞை போனது அவனுக்குத்தான். எழுதி முடித்தபோது எனக்கே புல்லரித்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வாத்தியார் பேப்பரை இரண்டு முறை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரே டேக்கில் நடித்துக் கொடுத்தார். சட்டையைக் கழற்றி மடித்து என் கையில் கொடுக்கும்போதுதான் சொன்னார்: “முன்னாடியே சொல்லியிருந்தா முதல் வாரமே ஒரு பார்வை வெச்சிருப்பேனே.”

அவ்வளவுதான். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்குக் கத்தி, அன்றோடு மறந்திருப்பேன்.

அன்றிலிருந்து வக்கீல் மாதிரி எனக்காக நானே வாதாடிக்கொண்டிருக்கிறேன். முதல் சாட்சி பேட்டில்ஸ்டார் கேலக்டிகா, விண்வெளிக் கதை சொல்லும் அமெரிக்க டி.வி. தொடர். 2004-ல் தொடராக வந்தது. மனிதர்களை அழிக்க வரும் இயந்திர இனமான சைலான்களைப் பற்றி ஆரம்ப டைட்டிலிலேயே ‘அவர்களிடம் ஒரு திட்டம் இருக்கிறது’ என்று போடுவார்கள். திட்டம் எதுவும் இல்லை என்று எடுத்தவர்களே பின்னால் ஒப்புக்கொண்டார்கள். அதில் கர்னல் டை என்று ஒரு கிழவர். சைலான் என்றாலே பல்லைக் கடிப்பவர். மூன்றாவது சீசனின் கடைசியில் அவரே ஒரு சைலான் என்று வரும். தொடங்கும்போது நடித்தவருக்கு அது தெரியாது, எழுதியவர்களுக்கே தெரியாது. தெரியாததால்தான் அந்த வெறுப்பில் ஒரு துளி நடிப்பு இல்லை. அப்படியானால் நான் செய்ததும் சரிதானே?

இங்கே வரும்போதெல்லாம் அந்தத் தொடைச் சத்தம் கேட்டுவிடுகிறது.

எதிர்க்கட்சிச் சாட்சி பாபிலோன் 5, அதுவும் விண்வெளித் தொடர்தான். ஐந்து வருஷக் கதை, முடிவு இன்னது என்று அதை உருவாக்கிய ஸ்ட்ராசின்ஸ்கி முதலிலேயே தீர்மானித்துவிட்டு இறங்கினார். 110 எபிசோடில் 92-ஐ அவரே எழுதினார். ஆனால் அங்கேயும் முதல் சீசனோடு கதாநாயகன் விலகிவிட, வேறு ஆளைக் கொண்டுவந்தார்கள். ஐந்தாவது சீசன் வருமா என்பதே சந்தேகமானபோது கதையை நாலாவதிலேயே நெருக்கிப் போட்டு, கடைசி எபிசோடையும் எடுத்துவிட்டார்கள். பிறகு ஐந்தாவது கிடைத்ததும் அதைப் பெட்டியில் வைத்திருந்து 1998-ல் காட்டினார்கள். திட்டம் போட்டவருக்கே இந்தப் பாடு. ஆனாலும் நடுவில் ஆள் போனாலும் காசு போனாலும், எந்த ஊருக்குப் பஸ் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் பஸ்ஸில் போர்டே இல்லை, டிக்கெட் மட்டும் கிழித்துக்கொண்டிருந்தேன்.

பார்க்கிறவர்களுக்கு முடிவு திட்டமிட்டதா இல்லையா என்பது பெரிய விஷயமில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவர்கள் ஏமாறத் தயாராகத்தான் வருகிறார்கள். நடிக்கிறவர் கதை வேறு. அவர் தன் கையை, கண்ணை, நடையை நம் கதைக்கு வாடகைக்கு விடுகிறார். எங்கே கொண்டுபோய் விடப்போகிறோம் என்று அவரிடமாவது சொல்ல வேண்டாமா? சொல்லியிருந்தால் டையின் வெறுப்பு கெட்டிருக்கும் என்று உடனே உள்ளே இன்னொரு குரல். இந்தச் சுற்று நிற்பதில்லை.

சொல்லாமல் விட்ட இன்னொன்றும் இருக்கிறது. கடைசி எபிசோடு எடிட்டிங்கில் பழைய ஃபுட்டேஜை எல்லாம் தோண்டினேன். மூன்றாவது எபிசோடில், கட் சொன்ன பிறகும் கேமரா ஓடிய நாலு விநாடி கிடைத்தது. வாத்தியார் முகத்தைத் திருப்பி எங்கோ தூரத்தில் பார்க்கிறார். ஏதோ ஒன்றுக்குக் காத்திருக்கிற கண். எடுத்து ஃப்ளாஷ்பேக்காகப் போட்டேன். ஒளிபரப்பான மறுநாள் டீக்கடையில், “அடேங்கப்பா, மூணாவது வாரமே வெச்சிருக்கீங்களே சார்” என்றார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். டீக்குக் காசு வாங்கவில்லை.

வாத்தியாருக்குப் போன் போட்டேன். பார்த்திருந்தார். “அது கடைசி பஸ் போயிடுச்சான்னு ரோட்டைப் பாத்தது தம்பி” என்றார். சிரித்தாரா என்று போனில் சரியாகத் தெரியவில்லை.

இப்போது இன்னொரு தொடர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எட்டே எபிசோடு, அளவெடுத்த கதை. அவரைத்தான் முதலில் கூப்பிட்டேன். வேஷம் என்ன என்று கேட்கவில்லை, முடிவு இருக்கிறதா என்றுதான் கேட்டார். இருக்கிறது என்று முழுசாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, “செரி, வர்றேன்” என்றார்.

அதற்குப் பிறகு அந்த முடிவை இரண்டு தடவை மாற்றிவிட்டேன். இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.