302 நரம்பணுக்கள்

சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழு ஒரு மில்லிமீட்டர் நீளம்தான். இருபால் புழுவில் நரம்பணுக்கள் சரியாக 302. எல்லாவற்றிலும் ஒரே டி.என்.ஏ.தான். ஆனாலும் ஒன்று தொடுதலை உணர்கிறது, இன்னொன்று வாசனையை அறிகிறது! எந்த நரம்பணுவில் எந்த மரபணு விழித்திருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மெக்-3 என்ற ஒரே மரபணு கெட்டால் போதும், தொடுவுணர்வு நரம்பணு பிறந்தும் அதற்குத் தன் வேலை தெரியாது. புருவ முடியால் மெல்ல வருடினாலும் புழு நகராது. இதை முதலில் படித்தபோது அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம், மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் குட்டி மூலக்கூறான மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் இந்தப் புழுவில்தான் கிடைத்தது. விஞ்ஞானிகள் அம்ப்ரோஸும் ருவ்குனும் 1993-இல் அதைப் பற்றி எழுதினார்கள், 2024-இல் நோபல். புழுவுக்கு மட்டுமே உரிய விநோதம் என்று முதலில் பலரும் நினைத்தார்கள். 2000-இல் மனிதரிலும் இருப்பது தெரிந்தது. “புழுவைப் போய் ஆராய்வதா?” என்று யாராவது கேட்டால் எனக்கு உண்மையிலேயே மனசு வலிக்கிறது.