இரண்டு வரிகளுக்கு நடுவே

2025 ஜூன் 9, திங்கள், வேளச்சேரி

ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) உருவாக்கிய சேய் ப்ராசஸ் வேலையை முடிக்கும்வரை, தாய் ப்ராசஸ் உறங்கிக் காத்திருப்பதற்காக நான் சி மொழியில் எழுதிய சிறு நிரல், பலமுறை பிழையின்றி ஓடிய பிறகு, இன்று மாலை ஓர் ஓட்டத்தில் அசையாமல் நின்றுவிட்டது. சேய் முடிந்ததைத் தாய்க்கு அறிவிக்கும் சிக்சைல்ட் (SIGCHLD) சிக்னல் வந்தால், அதைக் கையாளும் ஃபங்ஷனான ஹேண்ட்லர், ஃபிளாக் என்ற ஒரு மாறியை 1 ஆக்கும். ஃபிளாக் 0 ஆக இருக்கும்வரை, சிக்னல் வந்தால்தான் விழிக்கும் பாஸ் (pause) ஃபங்ஷனை அழைத்து உறங்க வேண்டும் என்பதே என் ஏற்பாடு. ஃபிளாக்கைச் சோதிக்கும் வரிக்கும் பாஸை அழைக்கும் வரிக்கும் நடுவே சிக்னல் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. தண்ணீர் லாரி வந்துவிட்டதா என்று தெருவை எட்டிப் பார்த்துவிட்டுக் குடத்தை எடுக்க உள்ளே போன நேரத்தில் லாரி வந்து போய்விட்டால், பிறகு வாசலில் எவ்வளவு நேரம் நின்றாலும் பயனில்லை.

ஜூன் 10, செவ்வாய்

சேயை உருவாக்கும் ஃபோர்க்குக்கு (fork) முன்பே, சிக்னல்களைத் தடுக்க உதவும் சிக்ப்ராக்மாஸ்க் (sigprocmask) கொண்டு சிக்சைல்டைத் தடுத்தேன். தடுக்கப்பட்ட சிக்னல் தொலைந்துபோவதில்லை. தடை நீங்கும்வரை, இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் அதை நிலுவையில் வைத்திருக்கிறது. ஆகவே ஃபிளாக்கைச் சோதித்துவிட்டுத் தடையை நீக்கி, அடுத்த வரியில் பாஸை அழைத்தேன். இதுவும் தவறு என்பதை உறுதிசெய்துகொள்ள, அவ்விரு வரிகளுக்கும் நடுவே ஒரு விநாடி ஸ்லீப் வைத்துப் பார்த்தபோது, ஒவ்வோர் ஓட்டமும் தவறாமல் நின்றது: தடை நீங்கியதும் சிக்னல் வந்து ஹேண்ட்லரோடு முடிந்துவிடுகிறது, பாஸை எழுப்ப எதுவும் மிச்சமிருப்பதில்லை. இடைவெளியை நான் மூடவில்லை, நகர்த்தியிருக்கிறேன்.

அந்த இடைவெளியை உண்மையில் மூடுவது சிக்சஸ்பெண்ட் (sigsuspend) என்ற ஃபங்ஷன். தடுக்கப்பட்ட சிக்னல்களின் பட்டியலான மாஸ்க்கைத் தற்காலிகமாக மாற்றுவதும் உறங்கச் செல்வதும் அதில் பிரிக்க முடியாத ஒரே செயலாகக் கெர்னலுக்குள் நடக்கின்றன. ஹேண்ட்லர் ஓடி முடிந்து அது திரும்பும்போது பழைய மாஸ்க் தானாகவே மீண்டுவிடுகிறது. அது எப்போதும் -1 என்ற மதிப்போடும் பிழை எண் பதியும் எர்னோவில் (errno), சிக்னல் குறுக்கிட்டது என்று பொருள்படும் ஈ-இன்டரோடும்தான் (EINTR) திரும்பும் என்பதால், அதைப் பிழையென்று கருதி நிரலை முடித்துவிடக் கூடாது. வேறு சிக்னலும் அதை எழுப்பக்கூடும் என்பதால், ஃபிளாக் 1 ஆகும்வரை சுழலும் வைல் லூப்புக்குள்தான் அதை வைக்க வேண்டும். தடையை ஃபோர்க்குக்குப் பிறகு போட்டிருந்தால், சேய் அதற்குள் முடிந்துவிடும் வாய்ப்பு இருந்திருக்கும். முன்பே போட்டால், சேயும் அந்த மாஸ்க்கைப் பெற்றுக்கொள்கிறது, சேய் வேறொரு நிரலை ஓட்டத் தொடங்கும் எக்ஸெக்குக்குப் (exec) பிறகும் அது நீடிக்கிறது. எனவே எக்ஸெக்குக்கு முன் சேயில் பழைய மாஸ்க்கைத் திருப்பி வைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

ஐந்து சேய்களோடு சோதித்தேன். சிக்சைல்ட் தடுக்கப்பட்டிருந்த வேளையில் ஐந்தும் முடிந்தன. ஹேண்ட்லர் ஒரே முறை ஓடியது, முடிந்த சேயை அகற்றும் ஃபங்ஷனான வெயிட்பிட் (waitpid) ஒன்றை மட்டும் அகற்றியது, மற்ற நான்கும் ஸாம்பிகளாக, அதாவது முடிந்தும் அகற்றப்படாத ப்ராசஸ்களாக, ப்ராசஸ்களைக் காட்டும் பிஎஸ் (ps) பட்டியலில் கிடந்தன. சாதாரண சிக்னல்களில் நிலுவை என்பது ஒரு பிட் மட்டுமே, எண்ணிக்கை அன்று. வரிசையில் நிற்பவை ரியல்டைம் சிக்னல்களே. எழுந்த ஒவ்வொரு முறையும் காத்திருக்காமல் உடனே திரும்பச் செய்யும் டபிள்யூ-நோஹேங்கோடு (WNOHANG) வெயிட்பிட்டை, இனி முடிந்த சேய் எதுவும் இல்லை என்று அது சொல்லும்வரை அழைக்கும்படி மாற்றினேன். இப்போது பட்டியலில் ஸாம்பி ஒன்றுகூட இல்லை.