160 ஏக்கர்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத் தலைநகர் லிங்கனில் ஒரு பொறியியல் நிறுவனத்தின் வரைபடப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சாலையை அகலப்படுத்துவதோ மின்பாதை போடுவதோ, எந்தத் திட்டமானாலும் யாருடைய நிலம் எங்கே முடிகிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் பொறுப்பு. தெற்கே சுமார் 40 மைலில் இருக்கும் கேஜ் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) எங்கள் மேசைக்கு அடிக்கடி வரும். அங்கே போனால் சாலையோர வரலாற்றுப் பலகைகளை நின்று படிப்பேன். அந்த மண்ணின் கதை எனக்குப் பிடிபட்டதற்கு, ஆபீசில் திறந்து வைத்துக்கொண்டு உட்காரும் நில ஆவணங்களும் ஒரு காரணம்.

கவுண்டியின் பெருமை டேனியல் ஃப்ரீமன். பியாட்ரிஸ் ஊருக்கு மேற்கே சில மைலில் அவர் நிலம் இருக்கிறது. 1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டப்படி, 21 வயது ஆனவரோ குடும்பத் தலைவரோ, ஆணோ பெண்ணோ, 160 ஏக்கர் அரசு நிலம் கேட்கலாம். 5 வருடம் குடியிருந்து பயிர் செய்தால் பட்டா. சட்டம் அமலுக்கு வந்தது 1863 ஜனவரி 1. அன்று நள்ளிரவு தாண்டியதுமே பிரவுன்வில் நில அலுவலகத்தைத் திறக்கவைத்து ஃப்ரீமன் பதிந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அந்த ஒரே நாளில் நாடெங்கும் 418 பேர் பதிந்திருக்கிறார்கள். 1936-ல் நாடாளுமன்றம் இவருடைய நிலத்தைத் தேசிய நினைவிடமாக்கியது. அதோடு 'முதல் ஹோம்ஸ்டெட்' என்ற பெயர் இங்கேயே நிலைத்துவிட்டது.

எனக்குப் பிடித்தது பத்திரத்தில் உள்ள விவரம்தான். 'நகரியம் 4 வடக்கு, வரிசை 5 கிழக்கு, செக்‌ஷன் 26. வடமேற்குக் காலின் தென்பாதி, அதே காலின் வடகிழக்குக் கால், வடகிழக்குக் காலின் தென்மேற்குக் கால்.' படிக்கத் தலை சுற்றும். செக்‌ஷன் என்பது ஒரு சதுர மைல்; அதில் கால்பங்கு 160 ஏக்கர், அந்தக் காலில் கால்பங்கு 40 ஏக்கர். ஒரு நாள் மதியம் அதைத் திரையில் வரைந்து பார்த்தேன். 40 ஏக்கர் சதுரங்கள் மூன்று வரிசையாக உட்கார்ந்தன. நடுச் சதுரத்தின் தலையில் நான்காவது ஏறியது. தலைகீழான ஆங்கில 'டி' எழுத்து. கப் கிரீக் என்ற ஓடை அதன் வழியாக ஓடுகிறது. புல்வெளிப் பிரதேசத்தில் தண்ணீரும் விறகு மரமும் ஓடைக்கரையில்தான் கிடைக்கும். சட்டம் சதுரமாக யோசித்தது, உழப்போகிறவன் ஓடையைப் பார்த்து யோசித்தான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

'4 வடக்கு' என்பது கேன்சஸ் எல்லையிலிருந்து எண்ணுவது. ஆறு மைலுக்கு ஒரு நகரியம், மைலுக்கு ஒரு செக்‌ஷன். ஆக ஃப்ரீமனின் நிலம் எல்லைக்கு வடக்கே 20-வது மைலில் கிடக்கிறது. அளந்து முடித்த நிலத்தைத்தான் அன்று கேட்க முடியும். அதனால் அவருக்கு முன்னாலேயே 66 அடிச் சங்கிலியோடு சர்வேயர்கள் இந்தப் புல்லை மிதித்துப் போயிருக்கிறார்கள். செக்‌ஷன் மூலைகளைக் குறிக்க, கல் கிடைக்காத இடத்தில் மரமுளை நட்டு மண்ணைக் குவித்தார்கள். அடியில் கரியைப் புதைத்ததும் உண்டு. மரம் மக்கினாலும் கரி மக்காதே! எங்கள் மூத்த சர்வேயர் ஒருமுறை சரளைச் சாலைச் சந்திப்பில் தோண்டிக்கொண்டே போனபோது, மண்வெட்டியை ஓரம் வைத்துவிட்டுக் கரண்டியால் சுரண்ட ஆரம்பித்தார். பழுப்பு மண்ணுக்குள் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. "இங்கே பார், இதுதான் மூலை" என்றார். அந்த இடத்தில் எந்தப் பலகையும் கிடையாது. ஆனால் சுற்றியிருக்கும் வேலி, சாலை, பத்திரம் எல்லாமே அந்தக் கரியை நம்பி நிற்கின்றன.

கவுண்டியின் தென்பகுதிக்குப் போனால் கதை வேறு. 1854 ஒப்பந்தத்தில் தங்கள் பெரும் நிலப்பரப்பை விட்டுக்கொடுத்த ஓட்டோ-மிசூரியா என்ற பூர்வகுடி மக்களுக்கு, பிக் ப்ளூ ஆற்றையொட்டி 10 மைல் அகலம், 25 மைல் நீளத்துக்கு இடம் ஒதுக்கினார்கள். 1,60,000 ஏக்கர், அதாவது ஆயிரம் ஹோம்ஸ்டெட். அதுவும் தங்கவில்லை. 1876-ல் தொடங்கித் துண்டு துண்டாக விற்பனைக்குப் போனது. 1881-ல் அவர்கள் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பார்ன்ஸ்டனில் அவர்களுடைய கிராமம் இருந்த இடத்தைச் சொல்லும் பலகை ஒன்று உண்டு. ஃப்ரீமனின் இடத்துக்கு வரும் கூட்டத்தில் சிலராவது அங்கேயும் போக வேண்டும் என்பது என் ஆசை. ஒருவர் நிலம் பெற்ற கதையையும் ஒரு கூட்டம் நிலம் இழந்த கதையையும் ஒரே கவுண்டிக்குள் அரை மணி நேர ஓட்டத்தில் பார்த்துவிடலாம். இரண்டையும் பார்க்காமல் 'முன்னோடிகள்' என்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சமீபத்தில் அந்தப் பக்கம் போகும் ஒரு மின்பாதைக்கு வரைபடம் தயாரித்தபோது, ஒதுக்கீட்டு நிலத்தின் பழைய எல்லையையும் மெல்லிய கோடாகப் போட்டுவைத்தேன். திட்டத்துக்கு இது எதற்கு என்று கூட்டத்தில் கேட்டார்கள். நான் விளக்கியதும், "இருக்கட்டும், இடைஞ்சல் இல்லையே" என்றார் சர்வேயர். அப்படியே அச்சுக்குப் போனது.