ஸ்பெயினுக்கு இரண்டு கரை

டிப்ளமசி என்பது ஐரோப்பா வரைபடத்தின் மேல் படைகளை நகர்த்தும் பலகை விளையாட்டு. அதில் தாயக்கட்டை கிடையாது. தோற்றால் கட்டை மேல் பழி போட முடியாது. ஏழு பேரும் உத்தரவைச் சீட்டில் எழுதி வைத்து, ஒரே நேரத்தில் பிரிக்க வேண்டியதுதான். அதனால் எங்கள் மொட்டைமாடியில் சண்டை வந்தால் வரைபடத்தை வைத்துத்தான் வரும்.

முதல் ஆட்டத்திலேயே பட்டவன் நான். ரோமும் வெனிஸும் ஒட்டித்தானே இருக்கிறது என்று கப்பல்படையை நகர்த்தினேன். நிலத்தில்தான் எல்லை, இரண்டுக்கும் கடற்கரை வேறு வேறு. உத்தரவு செல்லாது. கீல், கான்ஸ்டான்டிநோபிள் போன்ற ஊர்கள் விலக்கு, நடுவே நீர்வழி இருப்பதால் கப்பல் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறலாம்.

போன ஞாயிறு நான் பிரான்ஸ், மச்சினன் இத்தாலி. ஆட்டக் கணக்கில் 1904 இலையுதிர் காலம். அவன் கப்பல்படை ஸ்பெயினின் தென்கரையில் உட்கார்ந்திருந்தது. ஸ்பெயின், பல்கேரியா, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மூன்றுக்கும் இரண்டிரண்டு கரை. என் கப்பல்படை ஒன்று கஸ்கனியில், இன்னொன்று மார்செய்யில். கஸ்கனியிலிருந்து வடகரைக்கு மட்டும் போகலாம், மார்செய்யிலிருந்து தென்கரைக்கு மட்டும். மார்செய்யைக் காலி செய்ய மனம் வரவில்லை. கஸ்கனி ஸ்பெயினுக்கு, மார்செய் அதற்கு சப்போர்ட் என்று எழுதினேன். சப்போர்ட் என்றால் இருந்த இடத்திலிருந்தே இன்னொரு படைக்குப் பலம் சேர்ப்பது.

சீட்டைப் பார்த்ததும் மச்சினன் எழுந்துவிட்டான். "வாசல்ல நிக்கிறவன் கொல்லைக் கதவைத் தள்ள முடியுமா மாமா?"

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு பேர் தலையாட்டினார்கள். நான் விதிப்புத்தகத்தை எடுத்துவந்து விரலை வைத்துக் காட்டினேன். சப்போர்ட் கொடுக்கும் படை அந்த மாகாணத்துக்குள் எப்படியாவது போகக்கூடியதாக இருந்தால் போதும். எந்தக் கரை என்று விதி கேட்பதில்லை. கதவு இரண்டானாலும் வீட்டில் ஒரே குடித்தனம் மாப்ளே, என்றேன். என் பலம் இரண்டு, அவன் பலம் ஒன்று. அவன் படை ஸ்பெயினை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

அரை மணி நேரம் போயிற்று, டீயும் ஆறிப்போயிற்று. ஜெயித்த மிதப்பில் நான் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை.

அவன் பார்த்துக்கொண்டிருந்தான். துரத்தப்பட்ட படை பக்கத்தில் காலியாக உள்ள இடத்துக்குப் பின்வாங்கலாம். தென்கரைக்குப் பக்கத்தில் போர்ச்சுகல். என்னுடையது, காவல் இல்லை. இலையுதிர் காலத்தில் பின்வாங்கல் முடிந்த பிறகுதான் சப்ளை சென்டர் கணக்கு, அதாவது முக்கிய இடங்கள் யார் கையில் என்ற கணக்கு. ஸ்பெயின் எனக்கு வந்தது, போர்ச்சுகல் அவனுக்குப் போனது.

போதாக்குறைக்கு என் கப்பல்படை வடகரையில் மாட்டிக்கொண்டது. அங்கிருந்து தென்கரையை ஒட்டிய லயன் வளைகுடாவுக்கு நேர்வழி கிடையாது. மிட் அட்லாண்டிக் போய்ச் சுற்றி வர வேண்டும். மார்செய்யை அனுப்பி கஸ்கனியை சப்போர்ட் செய்ய வைத்திருந்தால், அதே விதிப்படி, தென்கரையிலேயே இருந்திருப்பேன்.

மச்சினன் விதிப்புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தான். "பத்திரமா வைங்க மாமா."