அம்மா எண்ணிய அறுபது

போன ஆடியில், கேரள மலையில் எங்கள் தேயிலைத் தோட்ட ஊரான வண்டிப்பெரியாற்றில் மழை விடவே இல்லை. நாங்கள் இருக்கும் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், சுவரெல்லாம் ஓதம். அம்மாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், 103 டிகிரி. நான் கடைக்கு இறங்கி மாத்திரையும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு 25 நிமிடத்தில் திரும்பினேன். கம்பளிக்குள்ளிருந்து அம்மா கேட்டாள்: "எம்புட்டு நேரம்டி! கம்பம் டவுனுக்கா போயிட்டு வந்த?"

தெப்பலாக நனைந்து வந்தவளுக்குக் கோபம் வராமல் இருக்குமா? போனில் மணியைக் காட்டிச் சண்டை போட்டேன். அம்மா பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்புறம்தான் ஹட்சன் ஹோக்லண்ட் பற்றிப் படித்தேன். அமெரிக்க உடலியல் அறிஞர். அவர் மனைவிக்கும் காய்ச்சல். கொஞ்ச நேரம் வெளியே போய் வந்தவரிடம் அந்த அம்மாவும் இதையேதான் சொல்லியிருக்கிறார். அவர் சண்டை போடவில்லை. வினாடிக்கு ஒன்றாக 60 வரை எண்ணச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்தார். காய்ச்சல் ஏற ஏற மனைவி வேகமாக எண்ணினார். 1933இல் அதைக் கட்டுரையாக எழுதினார். சூட்டில் ரசாயன மாற்றங்கள் வேகம் பிடிக்கும். நிமிடங்களை அளக்கும் ஏதோ ஒன்று மூளையில் அதோடு சேர்ந்து ஓடுகிறது என்பது அவர் கருத்து. உள்ளே ஒரு நிமிடம் முடிந்துவிடும், சுவர்க் கடிகாரத்தில் இன்னும் முடிந்திருக்காது.

ஆனால் அதே காய்ச்சலிலும் அம்மா விடியற்காலை நாலரைக்குச் சரியாக விழித்தாள். வேலையிலிருந்து நின்று ஆறு வருடம் ஆகிறது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போக வேண்டியதில்லை, வேலைச் சங்குக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த மணி வேறு. கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கே போகும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் பகலிரவைக் கணக்கு வைக்கின்றன. வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் அந்தக் கணக்கு, சூடு ஏறினாலும் பெரிதாக ஓட்டம் மாறாது. ஒரே தலைக்குள் ஒன்று சூட்டுக்கு ஓடுகிறது, இன்னொன்று அசையாமல் நிற்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

காய்ச்சல் விட்டபின் அம்மாவை எண்ணச் சொன்னேன். அவள் அறுபது சொன்னபோது போனில் 58 வினாடி. ஹோக்லண்ட் கதையையும் சொன்னேன்.

"அப்ப அன்னைக்கு நான் பொய் சொல்லலேல்ல?"

"இல்லம்மா."