ரேடியேட்டருக்கு மழைத்தண்ணீர்

எங்கள் வீட்டு அம்பாசடர் 1986-ஆம் ஆண்டு வாங்கியது. 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின்; இன்றும் அதே இன்ஜின்தான் ஓடுகிறது. கத்திரி வெயில் தொடங்கிவிட்டால், காரைக்குடியில் இத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள் இன்ஜின் கொதித்துவிடும் என்று பகல் பதினோரு மணிக்கு மேல் அதை வெளியே எடுக்கத் தயங்குவார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். வண்டிக்கு வயதாகிவிட்டது, வெயிலும் முன்போல் இல்லை என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மே மாதம் புதுக்கோட்டைக்குப் போகும் வழியில், திருமயம் கோட்டை கண்ணுக்குத் தெரியும் தொலைவில், போனட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி கிளம்பி வண்டி நின்றது. உண்மையான காரணத்தை அதற்குப் பிறகுதான் தேடத் தொடங்கினேன்.

அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம், புளியமரத்தடியில் முக்கால் மணி நேரம் பொறுமையாகக் காத்திருந்ததுதான். இன்ஜினைச் சுற்றிவரும் தண்ணீரை ஆறவைப்பது ரேடியேட்டர். அது கொதிக்கும்போது மூடியைத் திறந்தால், உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் வெந்நீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும். ஆறிய பிறகும் கனமான துணியைப் போட்டு, முதல் தடை வரை மட்டும் திருகி, ஆவி முழுவதும் வெளியேறிய பின்னரே மூடியை எடுக்க வேண்டும். தண்ணீர் வற்றிக் காய்ந்த இன்ஜினில் அவசரப்பட்டுக் குளிர்ந்த நீரை ஊற்றினால் இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டுவிடலாம். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் முக்கால் மணி நேரம் ஒன்றுமே இல்லை.

மறுநாள் மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றி, மேல்தொட்டியின் ஈயப் பற்றைப் பிரித்துக் காட்டினார். குழாய்களில் பாதிக்கு மேல் வெள்ளைச் சுண்ணாம்புபோல் உப்பு அடைத்திருந்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது; தேநீர்ப் பாத்திரத்தின் அடியில் ஒரே மாதத்தில் படிவம் கட்டும். அதே தண்ணீரைத்தான் என் தந்தையார் காலத்துக்குப் பின் ஆண்டுக்கணக்காக ரேடியேட்டருக்கும் ஊற்றிவந்திருக்கிறோம். ஒவ்வொரு முறை தண்ணீர் ஆவியாகும்போதும் உப்பு மட்டும் தங்கிவிடும்; குறைந்ததை மீண்டும் குழாய்த் தண்ணீரால் நிரப்பும்போது புதிய உப்பு சேரும்.

என் தந்தையாரை நாங்கள் அப்பச்சி என்றே அழைப்போம். அவர் இருந்தவரை இந்த வண்டி கொதித்ததாக எனக்கு நினைவில்லை. ஐப்பசி மழையில் வளவின் முற்றத்துக் கூரையிலிருந்து இறங்கும் தண்ணீரை அண்டாக்களில் பிடித்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதில் ஓர் அண்டாவைத் துணியால் வேடுகட்டி, "இது காருக்கு, யாரும் எடுக்காதீங்க" என்று அப்பச்சி ஒதுக்கி வைப்பார். சமையலுக்கு எது நல்லதோ அது இன்ஜினுக்கும் நல்லது என்பது அவர் கணக்கு. உப்பில்லாத தண்ணீர் என்ற அளவில் அது மிகச் சரி. ஆனால் வெறும் மழைத்தண்ணீர் இன்ஜினின் உடலான இரும்பு பிளாக்கைத் துருப்பிடிக்க விடும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வடிகுழாயைத் திறந்தபோது ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. கம்பியை விட்டுக் குத்திய பிறகு செம்மண் குழம்பைப்போல் துரு வந்தது. தெளிந்த நீர் வரும்வரை குழாயை வைத்து எதிர்த்திசையில் தண்ணீரைச் செலுத்தவே ஒரு முற்பகல் ஆயிற்று.

பழைய ரேடியேட்டர்கள் செம்பும் பித்தளையும் கொண்டவை என்பதால், தொட்டியைப் பிரித்து, குழாய் குழாயாகக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, மீண்டும் பற்றுவைக்க முடியும். பிளாஸ்டிக் தொட்டி வைத்த இக்கால அலுமினிய ரேடியேட்டர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. ஆகவே பழைய ரேடியேட்டரை எடைக்குப் போட்டுவிட்டுப் புதியது வாங்கச் சொல்பவர்களின் பேச்சை நான் ஏற்பதில்லை.

இப்போது கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டுமே ஊற்றுகிறேன். பனி உறையாத நம் ஊருக்கு, தண்ணீரை உறையாமல் காக்கும் கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் பணிகள். அதற்காகக் கூலன்ட்டை மட்டுமே நிரப்புவதும் தவறு, ஏனெனில் வெப்பத்தைச் சுமந்து செல்வதில் தண்ணீருக்கு இணை அதுவன்று. பாதிக்குப் பாதி கலந்தால் போதும். பழைய கூலன்ட்டை வடிக்கும்போது தெருவில் விடாமல் கலத்தில் பிடித்து வைக்க வேண்டும். அது இனிப்பாக இருப்பதால் நாயும் மாடும் நக்கிவிடும். அது கொடிய நஞ்சு.

ரேடியேட்டர் மூடியைப் பலர் வெறும் மூடியாகவே நினைக்கிறார்கள். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தை ஒரு மூடி தாங்கினால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 110 டிகிரியை நெருங்கும் வரை கொதிக்காது. ரப்பர் வளையம் காய்ந்து வெடித்த மூடி அந்தப் பத்து டிகிரியையும் பறித்துவிடும்.

இன்ஜின் சூடேறிய பிறகே ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் அடைப்பான் தெர்மோஸ்டாட். வெப்ப நாட்டுக்குத் தேவையில்லை என்று அதைக் கழற்றி எறியும் பழக்கத்தை நான் வன்மையாக மறுக்கிறேன். அடைத்த ரேடியேட்டரின் குறையை அப்பழக்கம் சில நாள் மறைக்கும், தீர்க்காது. இன்ஜின் உரிய சூட்டை அடையாமல் ஓடுவதால் தேய்மானமும் பெட்ரோல் செலவும் கூடும். சந்தேகமாக இருந்தால், ஒரு பாத்திரத் தண்ணீரில் அடியைத் தொடாதபடி தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் அடுப்பில் ஏற்றிப் பாருங்கள். 82 டிகிரி என்று குறித்த தெர்மோஸ்டாட் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்கினால் அது நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள்.

எப்போது சூடேறுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ரயில்வே கேட்டிலோ தேவகோட்டைக் கடைத்தெருவிலோ நிற்கும்போது மட்டும் சூடு காட்டும் முள் ஏறினால் காற்றோட்டக் குறை: தளர்ந்த ஃபேன் பெல்ட், உடைந்த இறக்கை, செம்மண் புழுதி அடைத்த ரேடியேட்டர் துடுப்புகள் ஆகியவற்றைப் பார்க்கலாம். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் தாழ வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் ஏறினால், தண்ணீர் ஓட்டத்தில் தடையோ கோளாறான வாட்டர் பம்ப்போ காரணமாக இருக்கும். மேல்தொட்டியில் இடைவிடாமல் குமிழி வந்தாலோ, எண்ணெய் மூடியின் அடியில் வெண்ணெய்போல் படிந்தாலோ, சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்கக்கூடும். அதன்பின் வண்டியை ஓட்டவே கூடாது.

வெயிலில் நின்று மறுபடி கிளம்ப மறுக்கும் எல்லா வண்டியும் கொதித்த வண்டியல்ல. பெட்ரோல் பம்ப்பிலும் குழாயிலும் பெட்ரோலே ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வது தனிக் கோளாறு. பம்ப்பின் மேல் ஈரத்துணி சுற்றும் பழைய வைத்தியம் அதற்குத்தான் பலிக்கும்.

தனியாக ஒரு வெப்பமானி பொருத்தியிருக்கிறேன். தண்ணீர் முழுவதும் வற்றினால் அது ஆவியைத்தான் அளக்கும், முள் தாழ்ந்துகூடக் காட்டும் என்பதால், காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பார்த்துவிடுகிறேன். கடந்த சித்திரையில் நண்பகலில் புதுக்கோட்டை வரை போய்வந்தேன். முள் 85-ஐ விட்டு அசையவில்லை. ஒதுக்கிவைத்த அண்டா இப்போது மீண்டும் சமையலறைக்குப் போய்விட்டது.